பங்குனியில் நனைந்த சுவர்

செங்கோட்டையில் ஆடி மாதம் சுவர் நனைந்தால் யாரும் கவலைப்பட மாட்டோம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று சாரலைத் தூக்கிக்கொண்டு வந்து மேற்குச் சுவரில் அடிக்கும். அப்பளம் நமுத்துப்போகும், தீக்குச்சி உரசினால் வழுக்கும், துவைத்த துணி மூன்று நாள் கொடியிலேயே கிடக்கும். சுவரும் அப்படித்தான் என்று விட்டுவிடுவோம். 2024-இல் எங்கள் வீட்டு அடுக்களைச் சுவர் நனைந்தது பங்குனியில். குற்றாலத்தில் அருவி விழுகிற இடத்தில் வெறும் பாறை தெரிகிற மாதம் அது.

அம்மாதான் முதலில் பார்த்தாள். அரிசி டிரம்மை நகர்த்தியபோது அதன் அடியில் துரு வட்டமாகத் தரையில் ஒட்டியிருந்தது. டிரம்முக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உப்பிப் பொருக்காக நின்றது. கதவு நிலையின் அடியில் விரல் கனத்துக்குக் கறையான் மண்.

"ஏட்டி, இங்கன வந்து தொட்டுப் பாரு. சாரலும் இல்ல, மழையும் இல்ல. இந்தச் சுவரு எதுக்கு வேர்க்குது?"

அந்தச் சுவருக்கு மறுபக்கம் பழைய குளியலறை. 1987-இல் அப்பா கட்டியது. ஆச்சி புறவாசல் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த வருடம். அதுவரை எங்களுக்குக் கக்கூஸ் என்றால் கிணற்றைத் தாண்டி, தென்னை மரத்தைத் தாண்டி, புறவாசலின் கடைசியில்தான். ஆச்சியை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போக முடியாது. ரெண்டாங்கட்டில் இருந்த சாமான் அறையின் நடுவே ஒரு சுவர் எழுப்பி, எட்டுக்கு ஆறு அடியில் குளியலறை கட்டினார் அப்பா. ஓர் இந்தியன் பேன், அதன் மேல் போட நடுவில் ஓட்டை வைத்த மர நாற்காலி, மூலையில் சிமெண்டுத் தொட்டி, இரண்டு பித்தளைக் குழாய். ஆச்சி பதினோரு வருடம் அதைத்தான் புழங்கினாள்.

2019-இல் படுக்கையறையை ஒட்டிப் புதுக் குளியலறை கட்டியபோது இதை மூடினோம். வந்த பிளம்பர் பித்தளைக் குழாய்களைக் கழற்றினார், குழாய் வாயில் பிளாஸ்டிக் டம்மியைத் திருகினார், மேலே கலவையைப் பூசினார். முக்கால் மணி நேர வேலை. பிறகு அந்த அறையில் விறகும் பழைய பேப்பரும் போட்டுக் கதவைச் சாத்திவிட்டோம். 2024-இல் மகள் பதினோராம் வகுப்புக்குப் போகிறாள், உட்கார்ந்து படிக்க ஓர் அறை வேண்டும் என்று முடிவாயிற்று. நடுச்சுவரை இடித்தால் பழைய சாமான் அறை முழுசாகத் திரும்பக் கிடைக்கும் என்று கொத்தனாரைக் கூப்பிட இருந்த நேரத்தில்தான் சுவர் வேர்த்தது.

டம்மி ஒழுகுகிறது என்று எல்லோருக்கும் தோன்றியது. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், 500 லிட்டர் டேங்க். அங்கிருந்து குளியலறைக்கு இறங்கும் லைனில் ஒரு கேட் வால்வ். அதை மூடினேன். மூன்று நாள் பார்த்தேன். ஈரம் குறையவில்லை. பித்தளை கேட் வால்வ் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் உள்ளே தகடு சரியாக உட்காராது என்று தெரிந்ததால், டேங்கையே காலி செய்து இன்னும் மூன்று நாள் குடத்தில் தண்ணீர் எடுத்துப் புழங்கினோம். அப்போதும் குறையவில்லை. "பூமியில் இருந்து ஏறுகிற ஓதம், இதுக்கு மருந்து அடிக்கணும்" என்று ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தொகை சொன்னார்.

நான் கூப்பிட்டது ஆரியங்காவில் இருந்து வரும் ஒரு பிளம்பரை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் என்றாலும் அவர் வீட்டில் தமிழ்தான். புனலூர், தென்மலைப் பக்கமெல்லாம் வேலை செய்து பேச்சில் மலையாளம் கலந்துவிட்டது. காலையில் பஸ்ஸில் புளியரை இறக்கத்தில் வந்து இறங்குவார். முதல் நாள் ஸ்பானரையே கையில் எடுக்கவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார், தட்டட்டியில் ஏறினார், அம்மாவிடம் உட்கார்ந்து பேசினார்.

"அம்மா, இந்தத் தொட்டிக்கு வெள்ளம் எங்கேருந்து வந்துது? டேங்குல இருந்தா?"

அம்மா சிறிது நேரம் யோசித்தாள். "டேங்கு பெறகுதான தம்பி வந்துச்சு. டேங்கு வைக்கதுக்கு முந்தி, தெருக்குழா லைன்ல இருந்து இவ அப்பா நேரா இழுத்து விட்டிருந்தாவ. விடியக்காலம் தண்ணி வந்தா தொட்டி தானா ரொம்பும்."

அறைக்கு வந்தது ஒரு லைன் இல்லை, இரண்டு. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கே அது தெரியாது.

எங்கள் தெருவில் நகராட்சித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலையில் வரும். மறுநாள் முறை. பிளம்பர் அண்ணாச்சி அன்றிரவு எங்கள் வீட்டு முன்பக்கத் தார்சாவிலேயே படுத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு வாசல் குழாயில் காற்று சீறியதும் எழுந்து, பழைய குளியலறைக்குள் போய், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சுவரில் ஊன்றிக் கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்டார். ஒரு சாண் நகர்த்தினார், மறுபடி கேட்டார். தொட்டி இருந்த மூலையில் நின்றுவிட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். அடுப்பில் எண்ணெய் காய்கிற மாதிரி விடாத ஒரு சத்தம். ஒரு மணி நேரத்தில் தெருக்குழாய் நின்றது. சுவரும் அடங்கியது.

இதனால்தான் டேங்கைக் காலி செய்தும் பலன் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு மணி நேரம் சுவருக்குள் தண்ணீர். அது காய்வதற்குள் அடுத்த முறை வந்துவிடும். ஜி.ஐ. பைப்பின் இரும்பு மரையில் பிளாஸ்டிக் டம்மியை ஏற்றினால் முதல் வருடம் பிடிக்கும். பிறகு இரும்பு துருப்பிடித்துப் பொருமும், பிளாஸ்டிக் இளகிக் கொடுக்கும், நடுவில் சுற்றிய டேப்புக்கு ஒன்றும் செய்ய முடியாது. வெளியே தெரிகிற குழாயில் இப்படி ஆனால் சொட்டுவதைப் பார்த்து அன்றைக்கே மாற்றிவிடுவோம். பூசிய சுவருக்குள் ஆனால் அரிசி டிரம் துருப்பிடிக்கும் வரை தெரியாது.

அண்ணாச்சி சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. தண்ணீர் விட்டுவிட்டு வருகிற லைனில் ஓட்டை இருந்தால், தண்ணீர் வருகிற நேரத்தில் வெளியே ஒழுகும். நிற்கிற நேரத்தில் பைப் உள்ளே இழுக்கும். தெருவில் லைன் வடியும்போது பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டையைச் சுற்றி நிற்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் ஓட்டை இருந்தது கக்கூஸ் பேனில் இருந்து மூன்றடி தூரத்தில். அதே லைனில்தான் அம்மா குடிதண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று காலை பிடித்த குடத்தைச் செடிக்கு ஊற்றினேன். பிடிக்கும்போது முதலில் வருகிற தண்ணீரை இரண்டு வாளி வெளியே விட்டுவிட்டுத்தான் குடத்தை வைக்க வேண்டும் என்று ஆச்சி சொல்வாள். கலங்கல் போவதற்காக என்று நினைத்திருந்தேன்.

சரி, டம்மியை மாற்றி நல்ல பித்தளை பிளக் போட்டால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். பிளக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதுவரைக்கும் பைப்பில் தண்ணீர் நிற்கும். 37 வருடப் பைப் வழியில் எங்கே வேண்டுமானாலும் விடும். புழக்கம் இல்லாத பைப்பில் தேங்குகிற தண்ணீர் கெட்டும் போகும். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா மாதிரிக் கிருமிகள் பெருகும், அங்கிருந்து மற்ற குழாய்களுக்கும் வரும். அதனால் பைப் எங்கே முடிகிறதோ அங்கே அடைப்பது வேலை இல்லை. எங்கே பிரிகிறதோ அங்கே போய் அறுக்க வேண்டும்.

வாசல் படிக்கு அடியில் தோண்டினோம். ஒன்றரை அடி ஆழத்தில் பைப் பிரிகிற டீ, அதாவது மூன்று வாய் இணைப்பு, கிடைத்தது. முக்கால் இஞ்ச் மெயின் லைன், அதில் இருந்து அரை இஞ்ச் கிளை வீட்டுக்குள். டீயைப் பைப் ரெஞ்சால் திருகிக் கழற்றப் பார்க்கவே இல்லை. இவ்வளவு பழைய லைனில் ஒரு மரையைத் திருகினால் பக்கத்து மரை ஒடியும். இரண்டு பக்கமும் அக்ஸா பிளேடால் அறுத்து டீயையே எடுத்தார். அறுத்த முகத்தைத் தேய்த்து, கனம் போதாது என்று இன்னும் ஒரு சாண் பின்னால் போய் அறுத்தார். மறுபடியும் பார்த்தார். மூன்றாம் அறுப்பில் திருப்தியாகி, டை வைத்து எண்ணெய் விட்டு மரை போட்டார். நடுவில் நேர்ப் பைப்பும், அதைச் சேர்க்கிற யூனியன் ஒன்றும். டீ இருந்த இடத்தில் கிளையே இல்லை.

அறுத்து எடுத்த கிளைத் துண்டை நான் வைத்திருக்கிறேன். வெளியே அரை இஞ்ச் பைப். உள்ளே துரு அடுக்கடுக்காகக் கட்டி, மகளின் பென்சில் மட்டும் நுழைகிற ஓட்டை.

தட்டட்டி லைனிலும் இதே முறைதான். டேங்கின் அடியில் பிரிகிற இடத்திலேயே எடுத்துவிட்டு நேராக இணைத்தார். பிறகு மண்ணை மூடவிடவில்லை. யூனியனுக்குக் கீழே உலர்ந்த பேப்பரை விரித்து, இரண்டு முறை தண்ணீர் வரும் வரை காத்திருந்தோம். பேப்பரில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் நிறம் மாறிக் காட்டிவிடும். நான்கு நாள் படியைத் தாண்டித் தாண்டிப் போனோம்.

அந்த நான்கு நாளில்தான் கம்பியைப் பார்த்தோம். குளியலறைச் சுவரை உடைத்து ஜி.ஐ. பைப்பை உருவும்போது, பைப்பில் ஒரு கிளாம்ப், அதில் ஒரு கம்பி, அது மேலே மீட்டர் பலகை வரை ஓடியது. அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார். "அக்கா, இது என் வேலை இல்ல. கரண்டுக்காரரைக் கூப்பிடுங்க."

தெருவின் கோடியில் இருக்கிற எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். வீட்டுக்கு எர்த் அதுதான். மண்ணுக்குள் போகிற இரும்பு பைப்பையே எர்த்தாக எடுத்துக்கொள்வது ஒரு காலத்து வழக்கம். பைப் முழுக்க இரும்பாக இருக்கிற வரை அது ஓரளவு வேலை செய்யும். 2019-இல் வந்தவர் வழியில் ஒரு முழம் இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பைப் சேர்த்திருந்தார். அன்றோடு எர்த் போயிற்று. எலக்ட்ரீஷியன் பல்பின் ஒரு கம்பியை ஃபேஸிலும் மறு கம்பியை எர்த்திலும் வைத்துக் காட்டினார். பல்பு மினுக்கென்றுகூட எரியவில்லை. ஐந்து வருடம் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் எர்த் இல்லாமல் ஓடியிருக்கின்றன. ஏதாவது ஒன்றில் கரண்ட் கசிந்திருந்தால் அது பைப்பில் இறங்கி, பிளாஸ்டிக்கைத் தாண்ட முடியாமல், வீட்டில் இருக்கிற இரும்புக் குழாய்களிலேயே நின்றிருக்கும்.

வாஷிங் மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வயதானால் நரம்பு அப்படித்தான் இருக்கும் என்று சொன்னது நான். எலக்ட்ரீஷியன் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அறை வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, புறவாசலில் குழி தோண்டி, எர்த் பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டுகிற ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தோம். பழைய வீட்டில் இரும்பு பைப்பைப் பிளாஸ்டிக்காக மாற்றுகிற யாரும் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாற்றப்போகிறவர்களும் கேட்க வேண்டும்.

கழிவு லைன் பக்கம் கொத்தனாருக்கும் அண்ணாச்சிக்கும் நடந்த வாக்குவாதம் ஒரு நாள் முழுக்க ஓடியது. "பேன்ல மண்ணைப் போட்டு ரொப்பிட்டு மேல கான்கிரீட்டைப் போட்டா சோலி முடிஞ்சுது" என்பது கொத்தனார் கட்சி. முடியாது என்பது எனக்கும் அதற்குள் புரிந்திருந்தது. பேனுக்கும் தரைக்குழிக்கும் அடியில் இருக்கிற டிராப்பில் இரண்டு இஞ்ச் தண்ணீர் எப்போதும் நிற்கும். செப்டிக் டேங்க் வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். புழங்காத குளியலறையில் அது வற்றிவிடும். ஐந்து வருடமாக அந்த அறையில் அடித்த முட்டை அழுகிய வாடை பழைய பேப்பரின் வாடை என்று நினைத்திருந்தோம், ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. மண்ணைக் கொட்டிக் கான்கிரீட் போட்டாலும் மண்ணில் காற்று போகும், கான்கிரீட்டில் கீறல் விழும். பெருச்சாளிக்கு வழி வேறு. அதன் மேல் மேசை போட்டு என் மகள் தினமும் ஐந்தாறு மணி நேரம் உட்காரப்போகிறாள்.

பேனை முழுதாக உடைத்து எடுத்தோம். நாலு இஞ்ச் லைன் வெளியே சேம்பரில் போய் விழுகிற வாயைச் செங்கல்லும் கான்கிரீட்டும் வைத்து அடைத்தோம். உள் முனையையும் தனியாக அடைத்தோம். சேம்பர் இரண்டடி ஆழம்தான், மேலே குந்தி உட்கார்ந்து கையுறை போட்டுச் செய்கிற வேலை. "செப்டிக் டேங்க்லயும் ஆளை இறக்கிப் பாத்துருவோமா" என்று கொத்தனார் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். 2013-இலேயே சட்டம் போட்டுத் தடுத்த வேலை. அந்த வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். அடர்த்தி கூடினால் வாடைகூடத் தெரியாது.

பேனை உடைப்பதற்கு முன்னால் கையாள் பையன் அதில் கக்கூஸ் ஆசிட்டை ஊற்றிவிட்டு, அடுத்து பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. எட்டுக்கு ஆறு அடி அறையில் அவன் குனிந்து நின்றுகொண்டிருந்தான். ஒன்று போதும் தம்பி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு என்றேன்.

வெளிச்சுவரை ஒட்டித் தட்டட்டிக்கு மேல் ஏறுகிற பழைய சிமெண்டு பைப்பையும் எடுத்துவிடலாம் என்று கொத்தனார் மெஷின் பிளேடைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி குறுக்கே நின்றார். புதுக் குளியலறையின் லைனும் அதே சேம்பருக்குத்தான் வருகிறது. டேங்க் வாயு வெளியேற இருக்கிற ஒரே வழி அந்தப் பைப். அதை எடுத்தால் புதுக் கக்கூஸில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் குளியலறை டிராப் களகளவென்று இழுபட்டு வற்றும். அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பைப் என்பது இன்னொரு காரணம். உலர்ந்த நிலையில் மெஷின் போட்டு அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத இழை பறக்கும், நெஞ்சுக்குள் போனால் திரும்ப வராது. பைப் அங்கேயே நிற்கிறது. உச்சியில் கொசுவலை கட்டியிருக்கிறோம்.

நடுச்சுவரை இடித்தது அரை நாள். டைல்ஸ் உரித்தது ஒரு நாள். காய்வதற்குத்தான் காலம் பிடித்தது. வைகாசிக் கடைசியில் சாரல் தொடங்கிவிட்டது. ராத்திரி ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுக் காலையில் தூக்கிப் பார்ப்பேன். அடியில் முத்து முத்தாக வேர்த்திருக்கும். பூச்சு வேலைக்கு அவசரப்படுத்திய எல்லோருக்கும் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினேன். ஆவணிக் கடைசியில் ஒரு காலை தாள் உலர்ந்து வந்தது. அதன் பிறகுதான் கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

எங்கள் வீட்டுப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம்தானே. தாத்தா வாங்கும்போது எழுதியது. நான்கு எல்லை, தென்னை மரங்கள், கிணற்றில் பாத்தியம், எல்லாம் அதில் உண்டு. அவ்வளவு கவனமாக எழுதி வைத்த வீட்டில், எந்தச் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு வரி யாரும் எழுதவில்லை. அப்பாவின் தலைக்குள் இருந்தது, அவரோடு போயிற்று. மிச்சம் அம்மாவின் ஞாபகத்தில் ஒரு வரி இருந்ததால் பிழைத்தோம்.

அதனால் பூசுவதற்கு முன்னால், ஒவ்வொரு பைப்பின் மேலும் அளவு டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்தேன். மகளின் கிராஃப் நோட்டில் வீட்டை வரைந்து, இருக்கிற லைன் நீலத்தில், அடைத்த லைன் கறுப்பில், எர்த் பச்சையில். வடக்கு மூலையில் இருந்து எத்தனை அடி, தரையில் இருந்து எத்தனை அடி என்று அளவு போட்டேன். ஒரு பிரதி பத்திரத்தோடு, ஒன்று மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம்.

ஒட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். விரலால் ஒவ்வொரு கோட்டையும் தொட்டுக்கொண்டே வந்தவள் அடுக்களையில் நிறுத்தினாள்.

"கிணத்துல இருந்து அங்கணத்துக்கு ஒரு பைப்பு வந்துச்சே, அடிபம்பு வச்சிருந்தப்ப. அதை எங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். அது எந்தப் பக்கமாக வந்தது என்று கேட்டேன். அவளுக்கும் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் முடிந்த இடம் மட்டும்தான் ஞாபகம். மகளிடம் சிவப்புப் பேனா வாங்கி, கிணற்றில் இருந்து அங்கணம் வரை புள்ளிக் கோடு போட்டு, பக்கத்தில் 'பார்க்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். அண்ணாச்சி தை பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.